அடி விழுந்த பிறகு

மூலையில் நிற்பவனுக்குச் சண்டை கண்ணுக்கு முன்னால் நடக்கும்; சனம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வாளி, துவாய், தண்ணீர்ப் போத்தலோடு அங்கே நின்றே வயதான எனக்கு, குத்துச்சண்டை ரசிகர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் காதால் கற்றதுதான். எந்தக் குத்துக்குக் கத்துகிறார்கள், எதற்கு மூச்சை இழுக்கிறார்கள், எப்போது திடீரென்று பேச்சு அடங்குகிறது என்பதையெல்லாம் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

அம்பிட்டியவில் நான் பையன்களைப் பழக்கத் தொடங்கியது எழுபதுகளின் நடுவில். தலாத்துஓயா வீதியோரம் ஒரு கடைக்குப் பின்னாலிருந்த பழைய சாமான் அறைதான் எங்கள் பயிற்சிக் கூடம். கூரை மரத்தில் மண்ணும் மரத்தூளும் நிரப்பிய சாக்கு தொங்கும். விடியற்காலையில் ஓட்டம்: கண்டி வாவிக் கரையிலிருந்து மேடேறி அம்பிட்டிய குருமடம் வரை. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1893இல் ஏற்படுத்திய குருமடம் அது. அந்த ஏற்றம் கொடுத்த கால் பலத்தைத்தான் என் பையன்கள் ரிங்குக்குள் கொண்டுபோனார்கள். தோட்டத்துப் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். சாக்கைக் குத்த எல்லோருக்கும் ஆசை. கால் பழக யாருக்கும் ஆசை இல்லை.

கண்டியில் இந்த விளையாட்டு பாடசாலைகளில் வளர்ந்தது. திரித்துவக் கல்லூரி, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி, கிங்ஸ்வுட், தர்மராஜ, புனித சில்வெஸ்டர் கல்லூரி என்று பாடசாலைக்குப் பாடசாலை கிளவுஸ் கட்டியவர்கள் இருந்தார்கள். இலங்கைப் பாடசாலைகளின் ஸ்டப்ஸ் கேடயப் போட்டி 1914இல் ஆரம்பமானது. அப்போது குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எட்வர்ட் ஸ்டப்ஸின் பெயர் அதற்கு. நூறு வருஷத்துக்கு மேல் பழமையான போட்டி என்பதால் ரசிகனும் பரம்பரையாக வந்தவன். தாத்தா பார்த்தார், அப்பா பார்த்தார், இப்போது மகன் பார்க்கிறான். அவன் முதலில் பார்ப்பது பனியனின் நிறத்தை. அந்த நிறத்தைப் போட்டவன் என்ன செய்தாலும் முதல் சுற்றில் கைதட்டல் கிடைக்கும். அதனால் முதல் சுற்றின் சத்தத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாம் சுற்றிலிருந்துதான் காது கொடுப்பேன்.

நான் இளைஞனாக இருந்தபோது முன்வரிசையில் சில பெரியவர்கள் இருப்பார்கள். பறங்கியர், பழைய மாணவர்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள். கழுத்துப்பட்டியோடு வருவார்கள். சுற்று நடக்கும்போது வாய் திறக்கமாட்டார்கள். மணி அடித்த பிறகுதான் கைதட்டுவார்கள். இலண்டனில் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற பழைய கழகத்தில் சுற்று நடக்கும்போது பார்வையாளர் சத்தம் போடக்கூடாது என்று விதியே இருந்தது. அந்த ஒழுக்கம் கப்பலேறி இங்கேயும் வந்திருந்தது. அவர்களுக்குப் பார்னி ஹென்றிக்கஸ்தான் அளவுகோல். 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் ஃபெதர்வெயிட் பிரிவில் தங்கம் வென்று இலங்கைக்கு அந்தப் போட்டிகளின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். நிமிர்ந்த நிலை, நேராகப் போய்த் திரும்பும் இடக்கை ஜெப், தாடையை மறைத்த வலக்கை, இவைதான் அந்தப் பெரியவர்களுக்கு அழகு. ஹுக்கைச் சுழற்றிக்கொண்டு பாய்பவனைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் அவர்களும் ஓரிடத்தில் மாறுவார்கள். நல்ல குத்து ஒன்று வாங்கிய பையன் அடுத்த கணம் தன் ஜெப்பை மறுபடி நீட்டினால், மணி அடிக்குமுன்பே அந்த வரிசையிலிருந்து ஒரு சின்ன உறுமல் வரும். அதைக் கேட்கத்தான் நான் காத்திருப்பேன்.

அந்த நாட்களில் எங்களுக்குத் தொலைக்காட்சி கிடையாது. இலங்கைக்கு அது 1979இல்தான் வந்தது. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. 1974 ஒக்டோபர் 30ஆம் தேதி கின்ஷாசாவில் முகமது அலி ஜோர்ஜ் ஃபோர்மனை எட்டாம் சுற்றில் விழுத்திய செய்தி எங்களுக்கு ரேடியோவிலும் பத்திரிகையிலும்தான் வந்தது. கயிற்றில் சாய்ந்து, அடியை வாங்கி, எதிராளியைக் களைக்கவைத்தார் என்று வாசித்தோம். வாசித்ததை வைத்து ஒவ்வொருவனும் தன் தலைக்குள் ஒரு அலியைச் செய்துகொண்டான். பார்பர் கடையில், தேநீர்க் கடையில், அலி எப்படிச் சாய்ந்திருப்பார் என்று வாங்கில் சாய்ந்து நடித்துக் காட்டியவர்களை எனக்கு நினைவிருக்கிறது. சண்டையை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் நடித்துக் காட்டியது அலி அடித்த அடியை அல்ல, அவர் அடி வாங்கிக்கொண்டிருந்த விதத்தை. ரசிகன் மனத்தில் தங்குவது எது என்று எனக்கு முதலில் சொன்னது அந்த வாங்குதான்.

1980இல் அலி மதராசுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அதைப் பார்த்தவர். பிறகு நான் அங்கே போனபோது மணிக்கணக்கில் அதைப் பற்றியே பேசினார். அலிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, உடம்பு கனத்திருந்தது. எந்தக் குத்து விழுந்தது என்று கேட்டால் சொந்தக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. “தலையைப் பின்னாடி இழுத்தார் பாருங்கண்ணே, கையுறை மூக்குக்கு முன்னாடியே நின்னுடுச்சு” என்றார். அதை மட்டும் ஐந்தாறு தரம் எழுந்து நின்று காட்டினார்.

அவர்தான் என்னை வடசென்னைக்கு அழைத்துப்போய்ப் பழைய ரசிகர்கள் சிலரோடு உட்காரவைத்தவர். கண்டியில் பாடசாலை எப்படியோ அங்கே பரம்பரை அப்படி. இடியாப்ப நாயக்கர் பரம்பரை, சார்பட்டா பரம்பரை என்று பிரிந்து நின்று பேசினார்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த மனிதர்கள். அவர்களுடைய பார்வை எங்கள் முன்வரிசைப் பெரியவர்களின் பார்வையைவிடக் கூர்மையானது என்று தயங்காமல் சொல்வேன். பெயர் சொல்லாமல் ஒருவன் நிற்கும் நிலையை மட்டும் காட்டினால் இவன் யாரிடம் பழகியவன் என்று சொல்லிவிடுவார்கள். வாத்தியார் கொடுத்த பாடத்தை அடிக்குப் பயந்து மறந்துபோனவனை அவர்கள் மன்னிப்பதில்லை. தோற்றவனைப் பற்றி மரியாதையோடு பேசினார்கள். பாடம் மறந்தவனைப் பற்றிப் பேசவே இல்லை.

2021இல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது எங்கள் மலைப்பக்கத்துப் பையன்கள் எல்லோரும் கைபேசியில் பார்த்தார்கள். ஆர்யா நடித்த கபிலன்தான் கதாநாயகன். ஆனால் மறுநாள் கூடத்துக்கு வந்தவர்கள் கபிலனைப் போல நிற்கவில்லை. ஷபீர் கல்லரக்கல் நடித்த டான்சிங் ரோஸைப் போலக் குதித்துக்கொண்டு வந்தார்கள். படத்தில் தோற்றுப்போகும் மனிதன் அவன். கையைத் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து, வராத பக்கத்திலிருந்து வந்து அடிப்பவன். எனக்கு உடனே இங்கிலாந்தின் நசீம் ஹமீத் நினைவுக்கு வந்தார். ஷெஃபீல்டில் யெமன் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து, பிரெண்டன் இங்கிளிடம் பழகியவர். இங்கிள் தரையில் கோடு போட்டு, அந்தக் கோடுகளில் பையன்களை மாதக்கணக்கில் நடக்கவைத்தவர். குதிக்கும் கால்களுக்குக் கீழே அந்தக் கோடுகள் இருந்தன. என் பையன்களுக்கு இதைச் சொல்லி, சோக்கட்டியால் தரையில் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒரு கிழமையில் பாதிப் பேர் டான்சிங் ரோஸைக் கைவிட்டார்கள். மீதிப் பேருக்குக் கால் பழகியது.

நசீமுக்கு 2001 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் மார்கோ அன்டோனியோ பரேரா பாடம் எடுத்தார். பரேரா பாய்ந்து அடிப்பவர் என்று பெயர் பெற்றவர். அன்று பொறுமையாக நின்று, ஜெப்பும் கவுண்டரும் கலந்து, பன்னிரண்டு சுற்றும் நசீமின் தாளத்தைக் கலைத்துக்கொண்டே இருந்தார். ஆட்டக்காரனுக்கு அடி விழுந்த பிறகு ஆட வேறு பாட்டு இல்லாமல் போனதை உலகம் பார்த்தது. தன் பழைய பெயரை ஒதுக்கிவைத்து அன்றைக்கு வேண்டியதைச் செய்த பரேராவின் மதிப்பு அந்த இரவோடு இரண்டு மடங்கானது.

எண்பதுகளில் கண்டியில் வீடியோ கசெட் கடைகள் முளைத்தன. ஹேக்லர்–ஹேர்ன்ஸ் சண்டையின் கசெட் எங்கள் கைக்கு வந்தபோது எத்தனையோ பேர் கண்பட்டுத் தேய்ந்திருந்தது; திரையில் கோடு கோடாக ஓடியது. 1985 ஏப்ரல் 15, லாஸ் வேகாஸ். மூன்று சுற்றுகூட முழுதாக இல்லை. ஹேர்ன்ஸ் உயரமானவர், நீளமான கை, தூரத்திலிருந்து அடிக்கக்கூடியவர். முதல் மணியிலேயே ஹேக்லர் உள்ளே புகுந்தார். ஹேர்ன்ஸின் வலக்கை முதல் சுற்றிலேயே உடைந்தது. ஹேக்லரின் நெற்றி பிளந்து இரத்தம் வழிந்தது. மூன்றாம் சுற்றில் வைத்தியர் காயத்தைப் பார்த்துப் போனதும், இனி நேரமில்லை என்று புரிந்து போய் முடித்தார். பையன்களோடு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஹேக்லரைப் புகழ்வது சுலபம். எனக்கு அதிசயமாக இருந்தது ஹேர்ன்ஸுக்குக் கிடைத்த மரியாதை. உடைந்த கையோடு நின்றவரை அந்தத் தோல்விக்குப் பின்பும் ரசிகர்கள் தோளில் வைத்துக் கொண்டாடினார்கள்.

மறுபக்கத்தில் 2015 மே 2ஆம் தேதி மேவெதர்–பாக்கியாவோ சண்டை. எங்களுக்கு ஞாயிறு காலை. கடைக்காரர் ஒருவர் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் கூட்டம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. மேவெதர் மூன்று நடுவர்களின் அட்டையிலும் வென்றார். ஒருவர் 118க்கு 110, மற்ற இருவர் 116க்கு 112. எட்டாம் சுற்றிலேயே பாதிப் பேர் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். “ஓடுறான் மாஸ்டர், ஓடித்தான் ஜெயிக்கிறான்” என்று ஒரு பையன் கோபப்பட்டான். எனக்கு அவன் கோபம் புரிந்தது. அவன் சொன்னதை ஏற்கமுடியவில்லை. மேவெதர் ஓடவில்லை. தோளை உருட்டி, அரை அடி விலகி, பாக்கியாவோவின் இடக்கை வந்து சேரும் இடத்தில் இல்லாமல் இருந்தார். அப்படி இல்லாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான வேலை. ஆனால் அந்தச் சண்டையில் மேவெதருக்கு அடி விழவே இல்லை என்று சொல்லுமளவுக்கு அவர் கெட்டிக்காரராக இருந்தார். அதனால் ரசிகன் காத்திருந்த அந்தக் கணம் வரவில்லை. நல்ல அடி விழுந்தால் இவன் என்ன செய்வான் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் பையன்கள் வீட்டுக்குப் போனார்கள்.

இதைத்தான் என் அனுபவத்தின் சாரமாக நான் நம்புகிறேன். கூட்டம் இரத்தத்துக்காக வருகிறது என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வது சரியில்லை. ரசிகன் பார்க்க வருவது அடிக்கு அடுத்த பத்து வினாடியை. அதில் நான்கு வகைப் பையன்களைப் பார்த்திருக்கிறேன் என்று எழுதலாம், ஆறு வகை என்றும் எழுதலாம்; வகைப்படுத்தி என்ன பயன்? ஒருவன் பழகியதை எல்லாம் மறந்து கண்ணை மூடிக்கொண்டு கையை வீசுகிறான். சனம் கத்தும், ஆனால் அந்தச் சத்தத்தில் மரியாதை இருக்காது. இன்னொருவன் மூச்சை ஒருதரம் விட்டு, கார்டை மேலே தூக்கி, அரை அடி இடப்பக்கம் நகர்ந்து, முன்பு செய்துகொண்டிருந்ததையே இன்னும் சுத்தமாகச் செய்கிறான். அப்போது முதுகுக்குப் பின்னால் வரும் சத்தம் வேறு.

கலஹா பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பையன் ஒருவனை நினைக்கிறேன். இடக்கைக்காரன், சவுத்போ நிலை. தானாக முன்னே போகமாட்டான். எதிராளி குத்தட்டும் என்று காத்திருந்து பதில் கொடுப்பான். போட்டிக்குப் போட்டி ஜெயித்தான். ஒருவருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. “கஹபங், கஹபங்” என்று சிங்களத்திலும் “அடிடா” என்று தமிழிலும் கத்துவார்கள். அவன் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருப்பான். பாணியை மாற்றச் சொல்லி எனக்கே ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. நான் மாற்றவில்லை. பிறகு ஒரு போட்டியில், உயரமான பையன் ஒருவனின் வலக்கை நேராகத் தாடையில் விழுந்தது. உட்கார்ந்துவிட்டான். நடுவர் எட்டு எண்ணினார். எழுந்தவன் கையைத் துடைத்துக் காட்டிவிட்டு, அதே பழைய நிலையில், அதே பொறுமையோடு போய் நின்றான். எதிராளி முடித்துவிடலாம் என்று அவசரமாக வந்தான். இவன் வலப்பக்கம் ஒரு அடி வைத்து இடக்கையைக் கொடுத்தான். பிறகு மறுபடி காத்திருந்தான். அந்தச் சண்டையில் அவன் தோற்றான், புள்ளிகளில். ஆனால் அடுத்த போட்டிக்கு அவன் கயிற்றுக்குள் காலை வைக்கும்போதே சனம் எழுந்து நின்றது. பாணி அதேதான். அது பயத்தால் வந்ததல்ல என்று இப்போது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சட்டங்கள் மாறும்போது பாணியும் மாறும், அதோடு ரசிகனும் மாறுவான். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ரோய் ஜோன்ஸ் கொரியாவின் பார்க் சி-ஹுனைச் சண்டை முழுக்க அடித்தும் 3க்கு 2 என்று தோற்றதாகத் தீர்ப்பு வந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு இயந்திரம் வந்தது. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரு வினாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. 1992 பார்சிலோனாவிலிருந்து இருபது வருஷம் அதுவே சட்டம். நேர்மைக்காகக் கொண்டுவந்தார்கள், நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உடம்பில் விழும் குத்துக்கும், நெருங்கி நின்று கொடுக்கும் கூட்டுக் குத்துக்கும் புள்ளி விழுவது அரிதானது. தூரத்திலிருந்து கையுறையின் வெள்ளைப் பகுதி முகத்தில் தெரியும்படி தொட்டுவிட்டு விலகுவதுதான் இலாபம். நாங்களும் பையன்களுக்கு அதையே கற்பித்தோம், வெல்லவேண்டுமே. இரண்டு புள்ளி முன்னால் இருப்பவன் கடைசிச் சுற்று முழுக்க விலகிக்கொண்டே இருப்பான். கண்டியில் கூட்டம் மெலிந்தது அந்த வருஷங்களில்தான். 2013இல் பத்துப் புள்ளி முறைக்கு மாறினார்கள். பெரிய ஆண்களுக்குத் தலைக்கவசத்தையும் எடுத்தார்கள். முகம் தெரிந்தது. அடி வாங்கியவனின் கண் தெரிந்தது. சனம் திரும்பி வந்ததற்கு அந்த முகங்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பெண்கள் கிளவுஸ் கட்ட ஆரம்பித்தபோது சில இளந்தாரிகள் சிரிக்கத்தான் வந்தார்கள். முதல் சுற்றில் விசில் அடித்தார்கள். ஒரு பிள்ளை மூக்கில் வாங்கி, இரத்தத்தை உள்ளங்கையால் வழித்துவிட்டு, ஜெப்பை நீட்டிக்கொண்டு முன்னே போனதும் விசில் நின்றது. 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டியில் இலங்கைக்குக் குத்துச்சண்டையில் மூன்று வெண்கலம் கிடைத்தது. இஷான் பண்டார, திவங்க ரணசிங்க, இவர்களோடு அனுஷா கொடிதுவக்கு. அனுஷா அரையிறுதியில் தோற்றது மேரி கோமிடம். அதற்குப் பிறகு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மாரே கூடத்து வாசலுக்கு வந்தார்கள்.

இவ்வளவு ரசிகனைப் புகழ்ந்துவிட்டு, அவனோடு எனக்கிருக்கும் சண்டையையும் சொல்லத்தான் வேண்டும். அடிக்குப் பின் நிற்பவனை அவன் நேசிக்கிறான். அந்த நேசம் பையனைக் கொல்லக்கூடியது. கூட்டத்தின் சத்தத்துக்காக விலகாமல் நின்று, விலக்கியிருக்கக்கூடிய குத்தை வாங்கும் பையன்களை நான் கண்டிருக்கிறேன். அமெரிக்காவில் ஜெரி குவாரி என்ற ஹெவிவெயிட் வீரர் இருந்தார். அஞ்சாமல் உள்ளே போவார் என்று ரசிகர்கள் கொண்டாடியவர். ஐம்பது வயதில் அவருக்குத் தானாகச் சட்டை போட முடியவில்லை; 1999இல் இறந்தார், அப்போது ஐம்பத்து மூன்று. அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று 1984இல் கண்டறிந்தார்கள். கின்ஷாசாவின் கயிற்றுச் சாய்வை வாங்கில் நடித்துக் காட்டிய எங்கள் ஆட்கள் யாரும் அந்தக் கணக்கை அப்போது போடவில்லை.

ஒரு மாலை நான் துவாயை எறிந்தேன். பையன் நின்றுகொண்டுதான் இருந்தான். கைகளும் மேலேதான் இருந்தன. ஆனால் கடைசியாக வாங்கிய இரண்டு குத்துக்கும் அவன் கண் சிமிட்டவில்லை. அதைக் கூட்டத்தால் பார்க்க முடியாது, மூலையிலிருந்து தெரியும். சனம் ஊளையிட்டது. என்மேல் வெற்றுப் போத்தல் ஒன்று விழுந்தது. பையனின் சொந்தக்காரர் ஒருவர் வெளியில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்; மானத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார். பையனே ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இன்று அவனுக்குக் கண்டியில் சொந்தக் கடை இருக்கிறது. கணக்கை மனத்திலேயே போடுகிறான்.

கால்களைப் பார்க்கத் தெரிந்த ரசிகன் இந்தத் தவறைச் செய்யமாட்டான். வடசென்னைப் பெரியவர்களிடம் நான் கண்டது அதுதான். அடி வாங்கிய பின் நகரும் துணிச்சலையும் நகராத திகைப்பையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். முகத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

கண்டியில் அடுத்த முறை பாடசாலைப் போட்டி நடக்கும்போது வாருங்கள். ஒரு சுற்றுக்கு மட்டும் முழங்காலுக்குக் கீழே பாருங்கள். உங்கள் பாடசாலைப் பிள்ளை அடி வாங்கினால் “அடிடா” என்று உடனே கத்தாமல், அவன் பாதம் எங்கே போகிறது என்று பத்து வினாடி பொறுங்கள். தோற்றவன் இறங்கி வரும்போது அவனுக்கும் எழுந்து நில்லுங்கள். மூலையிலிருந்து துவாய் விழுந்தால் ஊளையிடாதீர்கள். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்கு வகுப்பு இருக்கிறது.